தானே ஆறும் உலை

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள். சீனாவின் ஷான்டோங் மாநிலத்தில், கடலோரத்தில் உள்ள ஷிடாவ்வான் அணுமின் நிலையத்தில் பொறியாளர்கள் ஒரு சோதனைக்குத் தயாராயினர். உலை இயங்கிக்கொண்டிருந்தது, அதன் வெப்பத்திறன் அப்போது 200 மெகாவாட். அந்த நிலையில், உலையைக் குளிர்விக்கும் கருவிகளுக்குச் செல்லும் மின்சாரத்தை அவர்கள் வேண்டுமென்றே துண்டித்தனர். அவசரகாலக் குளிர்விப்பு முறை எதையும் இயக்கவில்லை. யாரும் தண்ணீரைப் பாய்ச்சவில்லை. அளவுமானிகளை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தனர்.

மலைப்பாதையில் இறங்கும் பேருந்தின் பிரேக்கை ஓட்டுநரே கழற்றிவிடுவது போன்ற செயலாக இது தோன்றலாம். அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் இதே நிலை தற்செயலாக ஏற்பட்டபோது உலகமே நடுங்கியது.

2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் 9.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. ஃபுக்குஷிமா டாய்ச்சி நிலையத்தில் அப்போது இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் உடனே தாமாகவே நின்றன. வெளியிலிருந்து வரும் மின்சாரம் தடைப்பட்டதும் டீசல் மின்னாக்கிகள் ஓடத் தொடங்கின. அதுவரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. ஏறத்தாழ 50 நிமிடங்கள் கழித்து, 14 மீட்டருக்கும் உயரமான ஆழிப்பேரலை நிலையத்துக்குள் புகுந்தது. மின்னாக்கிகளில் பல கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன. அவை நீரில் மூழ்கின. உலைகளுக்குத் தண்ணீர் செலுத்திய முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. அடுத்த சில நாள்களில் மூன்று உலைகளின் எரிபொருளும் உருகியது. ஹைட்ரஜன் வாயு சேர்ந்து கட்டடங்கள் வெடித்தன.

நின்றுபோன உலைக்கு எதற்குத் தண்ணீர்?

தமிழில் உலை என்ற சொல் சமையலறைக்கும் கொல்லன் பட்டறைக்கும் உரியது. சோறாக்க அடுப்பில் ஏற்றும் நீரும் உலைதான். அடுப்பை அணைத்த பிறகு அந்த நீர் சிறிது நேரம் சூடாகவே இருக்கும். ஆனால் புதிதாக வெப்பம் சேராது. அணு உலை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. யுரேனிய அணு பிளக்கும்போது கிடைக்கும் துண்டுகள் நிலையற்றவை. அணுப்பிளவை நிறுத்திய பிறகும் அவை சிதைந்துகொண்டே இருக்கும். சிதையும்போது வெப்பத்தை வெளியிடும். இதற்குச் சிதைவு வெப்பம் என்று பெயர். உலையை நிறுத்திய நொடியில் இது முழுத்திறனில் ஏறத்தாழ 6 விழுக்காடு இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை விழுக்காடாகவும், ஒரு நாளில் ஏறத்தாழ அரை விழுக்காடாகவும் குறையும். இதை நிறுத்துவதற்கு எந்தப் பொத்தானும் இல்லை. தானே குறையும்வரை அந்த வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

6 விழுக்காடு சிறிய எண்ணாகத் தெரிகிறது. ஃபுக்குஷிமாவின் இரண்டாம் உலையின் முழு வெப்பத்திறன் ஏறத்தாழ 2,380 மெகாவாட். அதில் 6 விழுக்காடு என்பது 140 மெகாவாட்டுக்கும் மேல். வீட்டில் பயன்படுத்தும் மின்கெண்டி ஒன்று 2 கிலோவாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், 70,000 மின்கெண்டிகள் ஒரே நேரத்தில் கொதிப்பதற்குச் சமமான வெப்பம் அது. அதுவும் “நிறுத்தப்பட்ட” உலையிலிருந்து!

விபத்தை அடுத்து 150,000க்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். கதிர்வீச்சின் உடனடிப் பாதிப்பால் யாரும் இறக்கவில்லை. ஆனால், வெளியேறியது பலரின் உயிரைப் பறித்தது. மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் அவசரமாக அழைத்துச் செல்லப்பட்டோர், மருந்தும் கவனிப்பும் இன்றி வாடியோர், ஆண்டுக்கணக்கில் தற்காலிக வீடுகளில் மனமுடைந்தோர் என, பேரிடரின் பின்விளைவுகளால் இறந்தோர் ஃபுக்குஷிமா வட்டாரத்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல் என அரசாங்கம் பதிவு செய்துள்ளது. அணு உலையின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணை மறந்துவிடக்கூடாது. உலை வெடிக்குமா என்பது ஒரு கேள்வி. மக்களை எவ்வளவு தூரம் வெளியேற்ற வேண்டியிருக்கும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

ஷிடாவ்வானில் உள்ளது சிறு அணு உலை வகையைச் சேர்ந்தது. ஓர் உலை 300 மெகாவாட் வரை மின்சாரம் தந்தால் அதைச் சிறு உலை என்று அனைத்துலக அணுசக்தி அமைப்பு வகைப்படுத்துகிறது. வழக்கமான பெரிய உலை 1,000 மெகாவாட் அல்லது அதற்கு மேல் தரும். இன்று உலகெங்கும் 80க்கும் மேற்பட்ட சிறு உலை வடிவமைப்புகள் உருவாகி வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இன்னும் வரைபடங்களாகவே உள்ளன. உண்மையில் மின்சாரம் தருபவை மிகச் சிலவே. ரஷ்யா இரண்டு சிறு உலைகளை ஒரு மிதவைக் கப்பலில் பொருத்தி, ஆர்க்டிக் கடலோரச் சிற்றூரான பெவெக்கிற்கு இழுத்துச் சென்றது. அது 2019 டிசம்பர் முதல் அங்கு மின்சாரம் வழங்குகிறது. மற்றொன்று ஷிடாவ்வான்.

சிறிதாக இருப்பதால் என்ன பயன்? குவளையில் ஊற்றிய தேநீர் சில நிமிடங்களில் ஆறிவிடுகிறது. கோவில் அன்னதானத்துக்கு அண்டாவில் வைத்த சாம்பார் மணிக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது. ஒரு பொருளில் தேங்கும் வெப்பம் அதன் பருமனைப் பொறுத்தது. வெளியேறும் வெப்பம் அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் மேற்பரப்பு 4 மடங்காகும். பருமனோ 8 மடங்காகிவிடும். அதனால், பெரிய பாத்திரம் தன் வெப்பத்தைத் தானே வெளியேற்றத் திணறுகிறது. பெரிய உலைக்கு நீர் இறைக்கும் எந்திரங்களும், அவற்றுக்கு மின்சாரமும், மின்சாரம் போனால் மின்னாக்கியும் தேவைப்படுவது இதனால்தான். சிறிய உலையில் சுவர் வழியாகவே போதிய வெப்பம் வெளியேறும்படி வடிவமைக்க முடியும்.

ஆனால், ஷிடாவ்வான் உலை சிறியதாக மட்டும் இல்லை. அதன் எரிபொருளும் வேறு வகை. மங்குஸ்தான் பழ அளவுள்ள, 6 சென்டிமீட்டர் விட்டம் கொண்ட கரிய உருண்டைகள் உலைக்குள் குவிந்து கிடக்கின்றன. ஓர் உலையில் 400,000க்கும் மேற்பட்ட உருண்டைகள் உண்டு. ஒவ்வோர் உருண்டையும் பென்சிலில் உள்ள கிராஃபைட் என்ற கரியால் ஆனது. அதனுள் கடுகைவிடச் சிறிய ஆயிரக்கணக்கான எரிபொருள் மணிகள் பதிக்கப்பட்டுள்ளன. உருண்டை ஒன்றில் இருக்கும் யுரேனியம் ஏறத்தாழ 7 கிராம் மட்டுமே. மணி ஒவ்வொன்றையும் கரியும் சிலிக்கன் கார்பைடும் அடுக்கடுக்காகப் போர்த்தியிருக்கின்றன. அணுப்பிளவில் உண்டாகும் கதிரியக்கப் பொருள்கள் இந்த உறைகளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸ் வரை இந்த உறைகள் தாக்குப்பிடிக்கும்.

வெப்பத்தை எடுத்துச்செல்வது தண்ணீர் அன்று, ஹீலியம் வாயு. அது கொதித்து ஆவியாவதில்லை. வேறு பொருள்களுடன் எளிதில் வினைபுரிவதுமில்லை. உருண்டைகளின் இடுக்குகள் வழியே பாய்ந்து 750 டிகிரி வரை சூடேறி, நீரை ஆவியாக்குகிறது. அந்த நீராவி விசையாழியைச் சுழற்றுகிறது. இரண்டு உலைகள் சேர்ந்து ஒரே விசையாழியை இயக்கி, 210 மெகாவாட் மின்சாரம் தரும்படி நிலையம் வடிவமைக்கப்பட்டது. பெரிய நீர் உலைகளில் ஒரு கன மீட்டர் இடத்தில் 50 முதல் 100 மெகாவாட் வரை வெப்பம் உண்டாகும். இங்கு 3 மெகாவாட்டுக்குச் சற்று மேல்தான். வெப்பம் அவ்வளவு நெருக்கியடித்து இல்லாததால், ஆறுவதற்கு வழி கிடைக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. வெப்பம் கூடக்கூட, எரிபொருளில் உள்ள யுரேனியம்-238 அணுக்கள் நியூட்ரான்களை மேலும் மேலும் விழுங்கிவிடுகின்றன. அதனால், அணுப்பிளவு தானே தளர்ந்துவிடுகிறது. இதற்குக் கணினியும் தேவையில்லை, மனிதரும் தேவையில்லை. அது இயற்கையின் விதி.

ஆகஸ்ட் 13ஆம் நாள் சோதனைக்கு வருவோம். மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் ஹீலியத்தின் ஓட்டம் நின்றது. சிதைவு வெப்பம் உருண்டைகளிலிருந்து கிராஃபைட் சுவருக்கும், அங்கிருந்து உலையின் எஃகுக் கலத்துக்கும், கலத்திலிருந்து வெளிப்புறத்துக்கும் மெல்லப் பரவியது. சுமார் ஒன்றரை நாளில் உலையின் வெப்பநிலை சீரானது. எதுவும் உருகவில்லை. செப்டம்பர் முதல் நாள் இரண்டாவது உலையிலும் இதே சோதனையைச் செய்தனர். அதுவும் தானே ஆறியது. வர்த்தக அளவில் கட்டப்பட்ட ஓர் உலை இவ்வாறு தானே ஆறும் என்று மெய்ப்பித்துக் காட்டப்பட்டது அதுவே முதல்முறை. முடிவுகளை ஷிங்ஹுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் ஆய்விதழில் வெளியிட்டனர்.

இந்த உருண்டை உலை சீனர்களின் கண்டுபிடிப்பு அன்று. ஜெர்மானிய அறிவியலாளர் ருடால்ஃப் ஷுல்டன் இதை வளர்த்தெடுத்தார். ஜெர்மனியின் யூலிஷ் நகரில் ஒரு சிறிய உருண்டை உலை 1967 முதல் 1988 வரை மின்சாரம் தந்தது. அதன்பின் கட்டப்பட்ட பெரிய உருண்டை உலையில் 1986இல் உருண்டைகள் குழாய் ஒன்றில் சிக்கிக்கொண்டன. அதைச் சரிசெய்தபோது கதிரியக்கத் தூசு வெளியேறியது. மூன்றே ஆண்டுகளில் அந்த உலை மூடப்பட்டது. எரிபொருள் உருகாது என்பதால் மட்டும் எந்தக் கோளாறும் நேராது என்று சொல்லிவிட முடியாது. இத்தகைய உலைகளைப் போற்றிப் பேசுவோர் யூலிஷைச் சொல்லிவிட்டு, 1986ஐச் சொல்லாமல் விடுவதுண்டு.

இவையெல்லாம் சிங்கப்பூருக்கு ஏன் முக்கியம்? ஒரு வட்டத்தை வரைந்து பார்த்தால் புரியும். ஃபுக்குஷிமா விபத்தின்போது நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் வசித்த அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 20 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பளவு ஏறத்தாழ 1,256 சதுர கிலோமீட்டர். ஃபுக்குஷிமாவில் அந்த வட்டத்தின் பாதி கடல்மேல் விழுந்தது. சிங்கப்பூரின் மொத்தப் பரப்பளவே ஏறத்தாழ 740 சதுர கிலோமீட்டர்தான். அத்தகைய உலை ஒன்று ஜூரோங் தீவில் இருப்பதாக ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஜூரோங், கிளமெண்டி, குவீன்ஸ்டவுன், ராஃபிள்ஸ் பிளேஸ் எல்லாமே அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். ஜோகூரின் தென்பகுதியில் ஒரு பகுதியும் உள்ளே வரும். அங்கிருந்து வெளியேறும் மக்கள் எங்கே செல்வது? 2012இல் சிங்கப்பூர் அரசாங்கம் தனது ஆய்வை முடித்தபோது, அப்போதைய அணு உலைத் தொழில்நுட்பங்கள் நாட்டுக்குப் பொருந்தா என்று அறிவித்ததில் வியப்பில்லை.

அமெரிக்காவில் பெரிய அணு உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் தூரத்துக்கு அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. நூஸ்கேல் என்ற நிறுவனம் தான் வடிவமைத்த சிறு உலைக்கு அந்த எல்லை நிலையத்தின் வேலியோடு முடிந்துவிடலாம் என வாதிட்டது. எல்லையைக் கணக்கிட அது கையாண்ட முறையை அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் ஏற்றுக்கொண்டது. 16 கிலோமீட்டருக்கும் ஒரு வேலிக்கும் உள்ள வேறுபாடு, பரந்த அமெரிக்காவுக்கு வசதி மட்டுமே. சிறிய தீவுக்கோ, அணுசக்தியைப் பற்றி யோசிக்கலாமா வேண்டாமா என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. எனினும், அது தாளில் போட்ட கணக்கு. ஷிடாவ்வான் சோதனையைப் போல் உண்மையான உலையில் செய்து காட்டியது அன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர் யோசிக்க வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அந்த எரிவாயு முழுவதும் வெளிநாடுகளிலிருந்து வாங்கப்படுவது. அதை எரித்தால் கரிமம் வெளியேறும். 2050க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்குவது நாட்டின் இலக்கு. அணைகட்டி மின்சாரம் எடுக்க ஏற்ற ஆறு இல்லை. காற்றாலையைச் சுழற்றும் அளவுக்குப் பலமான காற்று இல்லை. சூரியத் தகடுகளைப் பரப்பப் போதிய நிலமும் இல்லை. மேகம் மூடிய பிற்பகலிலும் நள்ளிரவிலும் பெருவிரைவு ரயில் ஓட வேண்டும், மருத்துவமனை இயங்க வேண்டும்.

பணம் இன்னொரு தடை. சிறு உலைகளை ஆதரிப்போர் கூறும் முக்கியக் காரணம், அவற்றின் பாகங்களை ஆலையில் செய்து நிலையத்தில் பொருத்திவிடலாம் என்பது. இது சிங்கப்பூரர்களுக்குப் புதிதன்று. வீவக வீடுகளின் குளியலறைகள்கூட ஆலையில் முழுதாகச் செய்யப்பட்டு, பாரந்தூக்கியால் தூக்கி வைக்கப்படுகின்றன. வேலை விரைகிறது, தரமும் சீராக இருக்கிறது. ஆனால், ஆயிரக்கணக்கான குளியலறைகள் தேவைப்படுவதால்தான் அந்த ஆலை கட்டுப்படியாகிறது. அணு உலைகளை வாங்க அத்தனை பேர் வரிசையில் நிற்கவில்லை. வாங்குவோர் இல்லாமல் ஆலை அமையாது. ஆலை அமையாமல் விலை குறையாது. விலை குறையாமல் வாங்குவோர் வருவதில்லை.

நூஸ்கேல் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆறு சிறு உலைகளை அமைக்கத் திட்டமிடப்பட்டது. ஒரு மெகாவாட் மணி மின்சாரத்தை 58 அமெரிக்க வெள்ளிக்குத் தரலாம் என்று முதலில் கணக்கிட்டனர். 2023இன் தொடக்கத்தில் அது 89 வெள்ளியாக உயர்ந்தது. அரசாங்க மானியத்தைக் கழித்த பிறகுதான் அந்த விலை! மின்சாரத்தை வாங்க முன்வந்த நகரங்கள் போதவில்லை. அதே ஆண்டு நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. ஷிடாவ்வான் உலையின் கட்டுமானமும் 2012இல் தொடங்கி, முழு வர்த்தகச் செயல்பாட்டுக்கு வர 2023 டிசம்பர் ஆகிவிட்டது. பதினோர் ஆண்டுகள்! விரைவாகக் கட்டலாம் என்ற வாக்குறுதி இதுவரை நிறைவேறவில்லை.

கழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரிந்து முடிந்த எரிபொருள் பல்லாயிரம் ஆண்டுகள் ஆபத்தானது. பின்லாந்து 400 மீட்டருக்கும் ஆழத்தில், பழமையான பாறைக்குள் சுரங்கம் குடைந்து அதைப் புதைக்க ஏற்பாடு செய்துள்ளது. மற்ற பல நாடுகள் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கின்றன. சிறு உலைகள் ஒரே அளவு மின்சாரத்துக்குப் பெரிய உலைகளைவிட அதிகக் கழிவை உண்டாக்கக்கூடும் என்று 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் வாதிட்டனர்; உலைகளை வடிவமைப்போர் அதை மறுத்தனர். உருண்டை உலையைப் பொறுத்தவரை ஒன்று தெளிவு. 7 கிராம் யுரேனியத்தைச் சுற்றி அவ்வளவு கரி இருப்பதால், புதைக்க வேண்டிய பொருளின் அளவு பெரிது. உலையைக் காக்கும் அதே கரிதான் கழிவைப் பெருக்குகிறது.

சிங்கப்பூர் 2025 வரை எந்த அணு உலையையும் கட்ட முடிவெடுக்கவில்லை. ஆனால், அதைப் பற்றிக் கற்றுக்கொள்வதை நிறுத்தவும் இல்லை. 2014இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் அணுசக்தி ஆய்வு, பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2024 ஜூலையில் அமெரிக்காவுடன் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டு அந்த ஆய்வுத் திட்டம் முழுமையான ஆய்வுக்கழகமாக உயர்த்தப்பட்டது. அங்குள்ள இளம் ஆய்வாளர்கள் உலைகளின் பாதுகாப்பையும் உயிர்களின்மீது கதிர்வீச்சின் விளைவையும் ஆராய்கின்றனர். இந்த அறிவு சொந்த உலைக்கு மட்டும் தேவைப்படுவதன்று. வியட்னாம் தன் அணுமின் திட்டத்தை 2024இல் மீண்டும் கையில் எடுத்தது. இந்தோனேசியாவும் பிலிப்பீன்சும் ஆர்வம் காட்டி வருகின்றன. சுமத்ரா காட்டுத்தீயின் புகைமூட்டம் கடவுச்சீட்டு இல்லாமல் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வந்து போவதை இவ்வட்டார மாணவர்கள் நன்கு அறிவர்.